ஊர் சொல்லும் கதை: தலையில் கோபுரம், காலடியில் குகை... செயின்ட் எமிலியோன்!

பிரான்ஸின் தென்மேற்கே இருக்கும் போர்டோ நகரில் ரயில் ஏறினால், சுமார் 35 நிமிடத்தில் ஒரு குட்டி ஸ்டேஷன் வரும். பலகையில் 'செயின்ட் எமிலியோன்' என்று இருக்கும். ஆனால், இறங்கிப் பார்த்தால் ஊரைக் காணோம்! கண்ணுக்கு எட்டிய வரை திராட்சைத் தோட்டம்தான். இடுப்பளவு உயரத்தில், கோடு போட்டதுபோல வரிசை வரிசையாக நிற்கும் கொடிகளுக்கு நடுவே 20 நிமிடம்போல நடந்தால், ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டில் தேன் நிறத்தில் ஊர் எழுந்து நிற்கும். அதன் நட்டநடுவில் ஊசி மாதிரி ஒரு மணிக்கோபுரம்.

மொத்த ஊராட்சிக்கும் மக்கள்தொகை 2,000-க்கும் குறைவு. ஆனால், ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் பேர் இங்கே வந்துபோகிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது இந்த ஊரில்? 'ஒயின்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், ஒயின் பக்கமே போகாதவர்களுக்கும் இந்த ஊர் சொல்வதற்கு ஒரு கதை வைத்திருக்கிறது. அந்தக் கதை தொடங்குவது தரைக்கு மேலே அல்ல, தரைக்குக் கீழே!

ரொட்டி திருடிய துறவி

ஊரின் பெயருக்குக் காரணம் எமிலியோன் என்ற துறவி. 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். பிரான்ஸின் வடமேற்கே பிரிட்டனி பகுதியில், வான் என்ற ஊரின் பிரபுவிடம் வேலை பார்த்தவர் என்கிறது செவிவழிக் கதை. அரண்மனையில் சுட்ட ரொட்டியைத் தன் அங்கிக்குள் ஒளித்து எடுத்துப்போய் ஏழைகளுக்குக் கொடுப்பாராம். ஒருநாள் பிரபு வழிமறித்து, "அங்கிக்குள் என்ன?" என்று அதட்ட, "அடுப்புக்கு விறகு" என்றிருக்கிறார். திறந்து பார்த்தால், ரொட்டியெல்லாம் நிஜமாகவே விறகாகியிருந்ததாம்.

இப்படிப் பெயர் பரவ, அந்தப் புகழிலிருந்து தப்பித்துத் தெற்கே வந்த எமிலியோன், காடாக இருந்த இந்த மேட்டில் ஒரு குகையைத் தேர்ந்தெடுத்துத் தங்கிவிட்டார். 767-ல் இறக்கும் வரை இங்கேதான் இருந்தார் என்பது மரபு. அந்தக் குகையை இன்றும் பார்க்கலாம். உள்ளே ஒரு நீரூற்று, பாறையிலேயே செதுக்கிய படுக்கை, ஓர் இருக்கை. அந்தக் கல் இருக்கையில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டால் பிள்ளை வரம் கிடைக்கும் என்பது பல தலைமுறை நம்பிக்கை. நம்பிக்கைக்கு நாடு ஏது, மொழி ஏது?

ஒரே பாறையில் ஒரு குடைவரை

துறவி போனார், பெயர் நின்றது. அவரைத் தேடி யாத்ரிகர்கள் வந்தார்கள். ஸ்பெயினின் சாந்தியாகோவுக்கு நடந்தே போகும் பக்தர்களுக்கும் இது வழியில் தங்கிப்போகும் ஊரானது. கூட்டம் பெருக, பெரிய தேவாலயம் தேவைப்பட்டது. 12-ம் நூற்றாண்டில் அந்த மக்கள் செய்த காரியம்தான் ஆச்சர்யம். கல்லை அடுக்கிக் கட்டாமல், மேட்டையே குடைந்து கோயிலாக்கிவிட்டார்கள்! 38 மீட்டர் நீளம், சுமார் 12 மீட்டர் உயரம். தூண், வளைவு, கூரை எல்லாம் ஒரே சுண்ணாம்புப் பாறை. ஐரோப்பாவின் மிகப் பெரிய குடைவரை தேவாலயங்களில் ஒன்று இது.

உள்ளே போனால் ஓவியங்களை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வெடிமருந்துக்கான வெடியுப்பு எடுப்பதற்காகச் சுவர்களைச் சுரண்டியதில், பழைய வண்ணங்கள் பெரும்பாலும் போய்விட்டன. இப்போது அங்கே இருப்பது குளிர்ந்த இருட்டும் பிரமாண்டமான தூண்களும்தான். அந்தத் தூண்களில் சிலவற்றைச் சுற்றி, கொஞ்சமும் பொருந்தாமல் இரும்புத் தாங்கிகள் இருக்கின்றன.

ஏன் அப்படி? தலையை நிமிர்த்த வேண்டும். ரயிலடியிலிருந்து வரும்போது பார்த்தோமே ஒரு மணிக்கோபுரம், அது நிற்பது இந்தக் குகையின் கூரைமேல்!

12-ம் நூற்றாண்டில் தொடங்கி, அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் ஊருக்குப் பணம் சேரச் சேர, கோபுரத்தையும் உயர்த்திக்கொண்டே போயிருக்கிறார்கள். இன்று அதன் உயரம் 68 மீட்டர். எடை சுமார் 4,500 டன். இத்தனையும் உள்ளே குடையப்பட்ட ஒரு பாறையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. சுண்ணாம்புக்கல் தண்ணீரை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற வலுவிழக்கும். தூண்கள் நசுங்கத் தொடங்கியிருப்பது 1990-களில் தெரியவந்தபோது ஊரே பதறியது. தூண்களுக்கு இரும்பில் முட்டுக்கொடுத்து, அவற்றின் அசைவைக் கண்காணிக்கத் தொடங்கினார்கள்.

கல் போன வழி

குடைந்தது தேவாலயத்தோடு நிற்கவில்லை. கீழே தோண்டிய கல்லில்தான் மேலே இருக்கும் வீடுகள், மதில்கள், மடங்கள் எல்லாம் எழுந்தன. போர்டோ நகரத்தின் கட்டடங்களுக்கும் இங்கிருந்து கல் போயிருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் வெட்டியெடுத்ததில், ஊருக்கும் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கும் அடியில் சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப் பாதைகள் உண்டாகிவிட்டன. அதாவது, ஊரின் நீள அகலத்தைவிட அதன் அடியில் இருக்கும் வெற்றிடம் பல மடங்கு நீளம்!

காலியான சுரங்கத்தை அப்படியே விட்டுவிடவில்லை. கோடையிலும் குளிரிலும் வெப்பநிலை அதிகம் மாறாத இருட்டறை என்றால், ஒயின் தயாரிப்பவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பீப்பாய்களும் பாட்டில்களும் உள்ளே போயின. 'கொர்தெலியே' மடம் ஓர் உதாரணம். 14-ம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த மடத்தின் மேல்பகுதி இன்று கூரையில்லாத வளைவுகளும் செடிகொடிகளுமாகச் சிதைந்து நிற்கிறது. அதன் அடியில் இருக்கும் சுரங்கங்களிலோ 19-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து நுரை பொங்கும் ஒயின் தயாராகிறது.

கிணற்றுக்குள் ஒளிந்த தலைவர்கள்

இந்தச் சுரங்கங்களுக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. ஊர்க்காரர்கள் இன்றும் குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டிய கதை அது.

1793. பிரெஞ்சுப் புரட்சி தன் பிள்ளைகளையே விழுங்கத் தொடங்கிய ஆண்டு. 'ஜிரோந்தன்' என்ற மிதவாத அணியின் தலைவர்களைப் பிடித்து கில்லட்டினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது பாரிஸ். தப்பித்தவர்களில் ஒருவர் எலி குவாதே. செயின்ட் எமிலியோன்தான் அவர் சொந்த ஊர். சகாக்களோடு இங்கே ஓடிவந்தார். பழகிய பல கதவுகள் அடைத்துக்கொண்டன. பயம்... வேறென்ன? அடைக்கலம் கொடுத்தால் கொடுத்தவர் தலையும் போகும்.

கதவைத் திறந்தவர் ஒரு பெண். குவாதேவின் உறவினரான தெரேஸ் பூக்கே. தன் வீட்டுக் கிணற்றின் வழியாக இறங்கிப்போகக்கூடிய ஒரு சுரங்க அறையில் அவர்களை ஒளித்துவைத்தார். ஒருகட்டத்தில் அங்கே மறைந்திருந்தவர்கள் ஏழு பேர். சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு நிலவிய காலத்தில், அக்கம்பக்கத்துக்குச் சந்தேகம் வராமல் ஏழு பேருக்கும் சேர்த்து உணவு திரட்டினார் அவர். அங்கிக்குள் ரொட்டியை மறைத்த துறவியின் ஊர் அல்லவா!

ஆனால், இந்த முறை ரொட்டி விறகாகவில்லை. சில வாரங்களில் அவர்கள் அந்த இடத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. வெவ்வேறு மறைவிடங்களில் மாதக்கணக்கில் பதுங்கியிருந்தவர்களில் குவாதே உட்படச் சிலர் 1794 ஜூனில் பிடிபட்டு, போர்டோவில் கில்லட்டினில் தலையிழந்தார்கள். வேறு இருவரின் உடல்கள் வயல்வெளியில் கிடந்தன. அடுத்த மாதமே தெரேஸ் பூக்கேவும் அதே கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார். அவர் பலியாகி சில நாள்களிலேயே பாரிஸில் ரோபஸ்பியரின் ஆட்சி கவிழ்ந்தது. இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்திருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும்.

சிவப்பு அங்கிக்காரர்கள்

இனி மேலே வருவோம். செயின்ட் எமிலியோனுக்கு வந்த காசெல்லாம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலிருந்து!

1152-ல் அக்விதேன் நாட்டு டச்சஸ் எலினோர், இரண்டே ஆண்டுகளில் இங்கிலாந்தின் மன்னராகப்போகும் ஹென்றியைத் திருமணம் செய்துகொண்டார். அந்தக் கல்யாணச் சீதனமாக இந்தப் பகுதி முழுவதும் ஆங்கிலேய மன்னர்களின் கைக்குப் போனது. 1453-ல் பக்கத்திலேயே இருக்கும் காஸ்தியோனில் ஆங்கிலேயப் படை தோற்கும் வரை, 300 ஆண்டுகள் இதே நிலைதான். இங்கிலாந்துக்கு ஒயின் வேண்டும். செயின்ட் எமிலியோனுக்குச் சந்தை வேண்டும்.

1199-ல் இங்கிலாந்து மன்னர் ஜான் இந்த ஊருக்கு ஒரு சாசனம் கொடுத்தார். ஊர் நிர்வாகம், வரி, நீதி எல்லாம் 'ஜுராத்' என்ற உள்ளூர் சபையின் பொறுப்பானது. ஒயின் தரத்தைப் பார்ப்பதும் அவர்கள் வேலை. தேறிய பீப்பாய்க்குச் சூட்டுக்கோலால் முத்திரை. தேறாததற்கு அழிவு. ஊர் பெயரில் ஒரு பீப்பாய் கெட்டுப்போய் லண்டனில் இறங்கினாலும், பாதிப்பு ஊருக்கே என்பதை அப்போதே புரிந்துவைத்திருந்தார்கள்.

புரட்சியோடு கலைந்துபோன இந்தச் சபையை 1948-ல் மீண்டும் உயிர்ப்பித்தார்கள். இப்போது அதற்கு ஆட்சி அதிகாரம் இல்லை. ஊர் ஒயினின் பெருமை பேசும் அமைப்பு அது. ஆனாலும் ஒவ்வொரு செப்டம்பரிலும் சிவப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டை சகிதம் ஊர்வலமாக வந்து, 'அரசர் கோபுரம்' என்ற பழைய கோட்டையின் உச்சியில் ஏறி, "அறுவடை தொடங்கட்டும்!" என்று அறிவிப்பார்கள். திராட்சை அறுப்புக்கு நாள் குறித்துக் கொடுக்கும் அந்தக் காட்சியைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும்.

10 ஆண்டுக்கு ஒருமுறை 'ரிசல்ட்'

போர்டோ ஒயின்களுக்கு 1855-ல் ஒரு புகழ்பெற்ற தரவரிசை போட்டார்கள். அதில் செயின்ட் எமிலியோன் இடம்பெறவே இல்லை. நூறு ஆண்டுகள் பொறுத்து, 1955-ல் இந்த ஊர் தனக்கென ஒரு தரவரிசையை உருவாக்கிக்கொண்டது. அதில் ஒரு புதுமை இருந்தது. 1855 பட்டியல் கிட்டத்தட்ட கல்வெட்டு, மாறாது. இங்கே சுமார் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லோரும் மறுபடியும் பரீட்சை எழுத வேண்டும். நன்றாகச் செய்தவர் மேலே போகலாம். சறுக்கியவர் கீழே வரலாம்.

கேட்க நியாயமாக இருக்கிறது இல்லையா? நடைமுறையில் பெரும் தகராறு. பட்டியலில் ஓரிடம் என்பது நிலத்தின் விலை, பாட்டிலின் விலை, வங்கிக் கடன் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2006-ல் வெளியான பட்டியல் நீதிமன்றம் வரை போய் ரத்தே ஆனது. 2021-ல், உச்சத் தரத்தில் பல காலம் இருந்த ஓசோன், ஷெவால் பிளாங் ஆகிய இரு பண்ணைகளும் 'இந்த ஆட்டத்துக்கே நாங்கள் வரவில்லை' என்று விலகிக்கொண்டன. மண்ணுக்கும் சுவைக்கும் சம்பந்தமில்லாத விளம்பரம், சமூக வலைதளம் போன்றவற்றுக்கெல்லாம் மதிப்பெண்ணா என்பது அவர்களின் ஆதங்கம். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஆன்ஷெலுஸ் பண்ணையும் விலகியது. 2022-ல் வெளியான பட்டியலில் 85 பண்ணைகள் இடம்பெற்றன. உச்சத் தரத்தில் இருப்பவை இரண்டே இரண்டு.

பனியும் வெயிலும் கேட்கும் கேள்வி

தரவரிசையை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். வானிலையை யாரிடம் போய் எதிர்ப்பது? 1956 பிப்ரவரியில் அடித்த கடுங்குளிரில் இந்தப் பகுதியின் கொடிகள் வேரோடு செத்துப்போயின. திரும்ப நடும்போது பெரும்பாலானவர்கள் 'மெர்லோ' என்ற ரகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சீக்கிரம் பழுக்கும் ரகம். ஈரமும் குளிர்ச்சியும் பிடித்துவைக்கும் இந்த மண்ணுக்கு ஒத்துவரும். இன்றும் இங்கே அதுதான் ராஜா.

இப்போது சிக்கல் மறுபக்கத்திலிருந்து வருகிறது. வெயில் கூடக்கூட, சீக்கிரம் பழுக்கும் ரகம் இன்னும் சீக்கிரமாகப் பழுக்கிறது. பழத்தில் சர்க்கரை ஏறுகிறது; ஒயினில் ஆல்கஹால் கூடுகிறது. வசந்தத்தில் கொடி முன்கூட்டியே துளிர்த்துவிட்டால், ஏப்ரல் உறைபனியில் ஒரே இரவில் ஆண்டு வருமானமே கருகிவிடும். 2017 ஏப்ரல் இறுதியில் அதுதான் நடந்தது. மேட்டு நிலத் தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. ஆற்றோரத் தாழ்வான நிலங்களில் இருந்த சின்ன விவசாயிகளுக்குத்தான் பெரிய அடி.

போதாக்குறைக்கு, பிரெஞ்சுக்காரர்களே சிவப்பு ஒயின் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். சீனச் சந்தையும் சுருங்கிவிட்டது. 2023-ல், போர்டோ வட்டாரம் முழுவதும் சேர்த்து 9,500 ஹெக்டேர் திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிப்போட மானியம் தரும் திட்டமே அறிவிக்கப்பட்டது. செயின்ட் எமிலியோனின் பெரிய பெயர்களுக்கு இதனால் ஆபத்தில்லை. ஆனால், அதே சாலையில் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனால், பாட்டிலுக்கு உரிய விலை கிடைக்காமல், பரம்பரைத் தோட்டத்தை என்ன செய்வது என்று யோசிக்கும் குடும்பங்கள் உண்டு.

அழகு யாருக்கு?

1999-ல் யுனெஸ்கோ இந்த ஊரையும் சுற்றியிருக்கும் கிராமங்களையும் சேர்த்து உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது. மொத்தம் எட்டு கிராமங்கள், 7,847 ஹெக்டேர். ஒரு திராட்சைத் தோட்ட நிலப்பரப்பே கலாசாரச் சொத்தாக அங்கீகரிக்கப்பட்டது உலகிலேயே அதுதான் முதல்முறை. தோட்டங்களுக்கு நடுவில் தனியாக நிற்கும் ஒரு மடத்தின் ஒற்றைச் சுவர், பெண்கள் துணி துவைத்த பழைய துறைகள், மதிலில் எஞ்சியிருக்கும் வாசல் எல்லாமே அந்தச் சொத்தில் அடக்கம்.

அங்கீகாரத்தோடு கூட்டமும் வந்தது. மதிலுக்குள் இருக்கும் தெருக்களில் இப்போது கதவுக்குக் கதவு ஒயின் கடை. உணவகம், பரிசுப்பொருள் கடை, விடுதி என்று மீதி. ஒரு வீட்டைக் குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதைவிட, பயணிகளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று விடுவதில் லாபம் அதிகம். எந்தச் சுற்றுலா ஊரிலும் நடப்பதுதான். ஆனால், ஊர் இவ்வளவு சின்னதாக இருக்கும்போது, காலி செய்துபோகும் ஒவ்வொரு குடும்பமும் கணக்கில் தெரியும்.

கோபுரத்தின் கதையும் இதுதானே? ஊரின் செழிப்பு ஏற ஏற, கோபுரத்தையும் ஏற்றிக்கொண்டே போனார்கள். கீழே இருக்கும் தூணால் தாங்க முடியுமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. 800 ஆண்டுகள் கழித்து இரும்பு முட்டு தேவைப்பட்டது. வீட்டில் அடுப்பெரிக்கும் மனிதர்களும், நிலத்தில் இறங்கி வேலை பார்க்கும் சின்ன விவசாயிகளும்தான் ஓர் ஊரின் தூண்கள். அவர்களுக்கு எந்த இரும்பை முட்டுக்கொடுப்பது?

போகிறவர்களுக்கு...

* ஷெங்கன் விசா வேண்டும். பாரிஸிலிருந்து போர்டோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து உள்ளூர் ரயில். ரயில்கள் அடிக்கடி கிடையாது. திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

* தெருக்கள் செங்குத்தானவை. கரடுமுரடான கற்கள் வேறு. கைப்பிடிக் கம்பி போட்டிருக்கும் அளவுக்குச் சில சந்துகள் சரிவானவை. முட்டி வலி உள்ள பெரியவர்களுக்கு நல்ல ஷூ அவசியம். மழை பெய்தால் அந்தச் சந்துகளைத் தவிர்த்துவிடலாம்.

* குடைவரை தேவாலயத்துக்கும் துறவியின் குகைக்கும் நாமாகப் போய் நுழைய முடியாது; சுற்றுலா அலுவலகத்தின் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். கோடை விடுமுறையில் முன்பதிவு செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

* ஒயின் பண்ணைகளில் சுவைத்துப் பார்த்துத் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கார் ஓட்டுபவர் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது உத்தமம்.

* மது வேண்டாதவர்களுக்கு இந்த ஊரின் இனிப்பு இருக்கிறது: 'மக்கரோன்'. பாதாம், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு மட்டும் சேர்த்துச் செய்வது. கலர் கலராக நடுவில் க்ரீம் வைத்த பாரிஸ் மக்கரோன் அல்ல; வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. 1620-ல் இங்கே வந்த கன்னியாஸ்திரீகள் விட்டுச்சென்ற செய்முறை என்கிறார்கள். முட்டை சாப்பிடாதவர்கள் கவனிக்க.

* ஆகஸ்ட்டைவிட மே, ஜூன் அல்லது அக்டோபர் நல்லது. பகல் நேரக் கூட்டம் மாலை ரயிலில் கிளம்பிவிடும். ஓர் இரவு தங்க முடிந்தால், தெருக்கள் ஊர்க்காரர்களிடம் திரும்பும் நேரத்தைப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. பெரும்பாலானவர்கள் வந்ததும் மணிக்கோபுரத்தின் ஏறக்குறைய 200 படிகளை ஏறி, போட்டோ எடுத்துக்கொண்டு, பிறகுதான் குகைக்கு வருகிறார்கள். வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் கீழே இறங்கி, அந்தத் தூண்களைப் பார்த்துவிட்டு, அப்புறம் மேலே ஏறுங்கள். உச்சியில் நின்று சுற்றிலும் விரியும் பச்சையைப் பார்க்கும்போது, காலுக்குக் கீழே எது தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்திருக்கும்.